2.31க்கு முடிந்த பௌர்ணமி

திருவண்ணாமலையில் ஆட்டோக்காரர், லாட்ஜ் மேனேஜர், பூக்கடை அம்மா, பஸ் டிப்போ டைம்கீப்பர் என்று எல்லாருக்கும் மாதம் ஒருமுறை ஒரே கேள்விதான்: பௌர்ணமி எப்போது ஆரம்பிக்கிறது? பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எந்நேரம் கூட்டம் திரளும், சிறப்பு ரயிலை எப்போது விடுவது, எத்தனை முழம் பூ கட்டி வைப்பது எல்லாமே அந்த ஒரு பதிலைப் பொறுத்தவை. பதிலும் குத்துமதிப்பாக வருவதில்லை. 2024 டிசம்பர் பௌர்ணமி, திருக்கணிதப்படி, 14ஆம் தேதி சனிக்கிழமை மாலை 4.58க்குத் தொடங்கி மறுநாள் பிற்பகல் 2.31க்கு முடிந்தது. ஐந்து மணி என்றோ இரண்டரை என்றோ சொல்லிவிட்டுப் போகவில்லை பாருங்கள்.

அந்த 2.31ஐ யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மலைமேல் வெயில் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நிலா நம் காலுக்குக் கீழே பூமியின் மறுபக்கத்து வானத்தில் இருந்தது. யாரும் பார்க்காத ஒரு கணத்தை நிமிடச் சுத்தமாகச் சொல்ல வேண்டுமானால், ஏற்கெனவே தெரிந்த இரண்டு கணங்களுக்கு நடுவே அதைச் செருக வேண்டும். கணிதத்தில் இந்த வேலைக்குப் பெயரே இடைச்செருகல்.

தமிழ் படித்தவர்களுக்கு அந்தச் சொல் காதில் கொஞ்சம் உறுத்தும். இடைச்செருகல் என்றால் இலக்கியத்தில் குற்றச்சாட்டு. கம்பன் எழுதாததைக் கம்பன் பாட்டு நடுவே யாரோ நுழைத்துவிட்டார்கள் என்று பதிப்பாசிரியர்கள் பிரித்து ஒதுக்கினார்களே, அந்த ‘வெள்ளிப் பாடல்’ சமாச்சாரம். கணிதத்தில் அது குற்றமில்லை, பிழைப்பு. ஆனால் சோதனை இரண்டுக்கும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்: செருகியது முன்னும் பின்னும் இருப்பதோடு ஓசை கெடாமல் ஒட்டுகிறதா?

திதி என்பது நேரமல்ல, கோணம். சூரியனும் நிலாவும் ஒரே திசையில் நிற்கும் கணத்தில் அமாவாசை முடிகிறது; அப்போது இரண்டுக்கும் இடையே 0 பாகை. அங்கிருந்து நிலா சூரியனைவிட்டு 12 பாகை விலக ஒரு திதி. பதினான்கு திதி கழிந்து 168 பாகையைத் தொட்டால் பௌர்ணமி தொடக்கம், நேர் எதிரே 180 பாகையில் முடிவு. (கார்த்திகை தீபம் இந்தக் கணக்கில் வராது, அது நட்சத்திரக் கணக்கு. 2024இல் டிசம்பர் 13 மாலை 6 மணிக்கு 2,668 அடி மலையுச்சியில் தீபம் ஏற்றியபோது திதி இன்னும் திரயோதசிதான். சதுர்த்தசியே இரவு 7.40க்குத்தான் பிறந்தது. தீபமும் பௌர்ணமியும் ஒரே நாள் என்று நம்புகிறவர்களோடு நான் வாதாடுவதில்லை.)

கொல்கத்தாவிலுள்ள நிலைசார் வானியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணை, சூரியனும் நிலாவும் தினமும் காலை 5.30க்கு எங்கே இருக்கும் என்று சொல்கிறது. 5.30 என்பது கிரீன்விச்சில் நள்ளிரவு. அந்தச் சில நாள்களின் கோண இடைவெளியை இரண்டு தசம இலக்கத்துக்குச் சுருக்கினால் இப்படி வரும்: 13ஆம் தேதி 148.00, 14இல் 161.55, 15இல் 175.00, 16இல் 188.22, 17இல் 201.13. ஐந்து புள்ளிகள். நமக்கு வேண்டிய 180, பதினைந்தாம் தேதி காலைக்கும் பதினாறாம் தேதி காலைக்கும் நடுவில் எங்கோ ஒளிந்திருக்கிறது.

முதலில் எளிய வழி. 15 காலையிலிருந்து 16 காலைக்குள் நிலா 13.22 பாகை நகர்கிறது. நமக்கு வேண்டியது 5 பாகை. 24 மணியை 5ஆல் பெருக்கி 13.22ஆல் வகுத்தால் 9 மணி 5 நிமிடம். காலை 5.30உடன் கூட்டினால் பிற்பகல் 2.35. பள்ளிக்கூட வட்டிக் கணக்குதான். உண்மை நேரம் 2.31. நான்கு நிமிடம் பிசகியிருக்கிறது.

பிசகு எங்கிருந்து வந்தது என்று பார்க்க, ஒவ்வொரு நாளும் நிலா நடந்த தூரத்தை வரிசையாக எழுத வேண்டும்: 13.55, 13.45, 13.22, 12.91. நிலாவுக்கு மூச்சு வாங்குகிறது. டிசம்பர் 12 அன்று அது பூமிக்கு மிக அருகில் வந்து வேகமாக ஓடியது. அங்கிருந்து விலக விலக வேகம் தளர்கிறது. பதினைந்தாம் தேதி காலையில் இருந்த வேகம் மறுநாள் விடியலில் இல்லை. நாள் முழுவதும் ஒரே வேகம் என்று நேர்க்கோடு போட்ட நமக்குத்தான் தப்பு. காலையில் வேகமாக ஓடிய நிலா நம் கோட்டைவிட முன்னே போய் 180ஐச் சற்று முந்தியே தொட்டுவிட்டது.

இதைத் திருத்த வழி சொன்னவர் பிரம்மகுப்தர், ஏழாம் நூற்றாண்டில். 665ஆம் ஆண்டின் ‘கண்டகாத்யகம்’ நூலில் அவர் தரும் சைன் அட்டவணையில் இருப்பது மொத்தமே ஆறு எண்கள். 15 பாகைக்கு ஓர் எண் வீதம், ஆரம் 150 என்று வைத்துக்கொண்டு: 39, 75, 106, 130, 145, 150. இவ்வளவு கஞ்சமான அட்டவணையில் 40 பாகைக்கு என்ன என்று கேட்டால் நேர்க்கோட்டு வழி 95.67 தரும், சரியான விடை 96.42. பிரம்மகுப்தர் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தோடு நிற்காமல், அந்த வித்தியாசங்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்தார். 96.22 வந்தது. பிழை நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. நியூட்டன், ஸ்டர்லிங் பெயர்களில் ஐரோப்பா இதே வாய்பாட்டைக் கண்டடைய இன்னும் ஆயிரம் ஆண்டு ஆனது.

அதே மருந்தை நம் நிலாவுக்குக் கொடுக்கலாம். தினசரி நடை 13.45இலிருந்து 13.22க்குக் குறைந்தது 0.23, அங்கிருந்து 12.91க்குக் குறைந்தது 0.31, சராசரி 0.27. பிரம்மகுப்தர் சொன்ன விகிதத்தில் இதை எடுத்தால் 0.032 பாகைத் திருத்தம். அவ்வளவு தூரத்தை நிலா கடக்க மூன்றரை நிமிடம். 2.35இலிருந்து மூன்றரையைக் கழியுங்கள். 2.31.

முதல் தடவை இதைக் காகிதத்தில் போட்டு விடை வந்தபோது, மேசையை ஒரு தட்டுத் தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் காகிதம் எதற்கு? ஆக்டேவ் என்று ஒரு கணக்கீட்டு மென்பொருள், காசில்லாமல் கிடைக்கிறது. ஆக்டேவ் லெவன்ஸ்பீல் என்ற வேதிப்பொறியியல் பேராசிரியரின் பெயரை அவருடைய பழைய மாணவர் ஜான் ஈட்டன் அதற்கு வைத்தார். விலை கொடுத்து வாங்கும் மேட்லாப் மொழியே ஏறக்குறைய இதற்கும். இரண்டிலும் ‘இன்டெர்ப்1’ என்றொரு கட்டளை: நேரப் பட்டியல், கோணப் பட்டியல், வேண்டிய இடம் என்று மூன்றைக் கொடுத்தால் நடுவில் செருகித் தரும். எந்த நேரத்தில் என்ன கோணம் என்று கேட்பதே அதன் வழக்கம். நமக்கோ எந்தக் கோணம் எந்த நேரத்தில் என்று வேண்டும். இரண்டு பட்டியலையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டு 180 என்று கேட்டால் போதும். கோணம் ஏறிக்கொண்டே போகிறது, ஒருநாளும் திரும்பி இறங்குவதில்லை என்பதால் இந்தத் தில்லுமுல்லு செல்லும்.

நேர்க்கோடு வேண்டாம், வளைவு வேண்டும் என்றால் ‘ஸ்ப்லைன்’ என்று ஒரு சொல் சேர்க்கலாம். அது கப்பல் கட்டுகிறவர்களின் சொல். வளைகிற மெல்லிய மரச்சட்டத்தைப் புள்ளிகளின்மேல் வைத்து எடைக்கற்களால் அழுத்திப் பிடித்தால், அது தானாகவே ஒரு சீரான வளைவுக்கு வந்து நிற்கும். அதையொட்டிக் கோடு இழுப்பார்கள். 1946இல் ஷோன்பெர்க் என்ற கணிதர் அந்தச் சட்டத்தின் பெயரைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். நிலா மாதிரி நிதானமாக நடப்பவற்றுக்கு ஸ்ப்லைன் அருமை. சட்டென்று எகிறும் தரவுக்கு ஆபத்து. மரச்சட்டம் ஓரிடத்தில் அழுத்தினால் பக்கத்தில் புடைத்துக்கொள்ளுமே, அப்படி. வெள்ள நாளில் ஆற்று ஓட்டத்துக்கு ஸ்ப்லைன் போட்டால், வெள்ளம் வருவதற்கு முந்தின மணியில் ஆறு பின்னோக்கி ஓடியதாகக்கூட அது வரைந்துவிடும். அந்த மாதிரி இடத்தில் ‘பிச்சிப்’ என்ற இன்னொரு முறை இருக்கிறது. ஏறுகிற இடத்தில் ஏறும், புள்ளிகளைத் தாண்டிப் புடைக்காது.

படத்தில் தெரிவதை நம்பிவிடக் கூடாது என்பதற்கு ஒரு சின்ன விஷயம். ‘பிளாட்’ என்று தட்டியதும் திரையில் வருகிற கோடு தரவு அல்ல. நாம் கொடுத்தது ஐந்து புள்ளிதான். நடுவிலுள்ள கோட்டை மென்பொருள் தன் இஷ்டத்துக்கு நேராக இழுத்துவிட்டது. கேட்காமலே ஓர் இடைச்செருகல் நடந்துமுடிந்துவிட்டது. கண் அதை உண்மையென்று எடுத்துக்கொள்கிறது.

என் கதை ஒன்று. வருடம் முழுவதற்குமான திதி நேரங்களை எடுக்க நிரல் எழுதினேன். ஓட்டினால் பட்டியலில் ஒவ்வொரு அமாவாசையன்றும் ஒரு பௌர்ணமி வந்து உட்கார்ந்திருந்தது. மாதத்துக்கு இரண்டு பௌர்ணமி! கிரிவலப் பாதைக் கடைக்காரர்களுக்குச் சந்தோஷமான பஞ்சாங்கம். அரை நாள் தேடிய பிறகு புரிந்தது. டிசம்பர் 30 காலையில் கோணம் சுமார் 349. மறுநாள் காலை அது 360ஐத் தாண்டி மறுபடி 0இலிருந்து தொடங்கிவிட்டதால் சுமார் 1. இரண்டுக்கும் நடுவே செருகச் சொன்னால் இயந்திரம் என்ன செய்யும்? 349க்கும் 1க்கும் நடு 175, ஏறக்குறைய முழுநிலா என்றது. அதற்கு வட்டம் தெரியாது. எண் மட்டுமே தெரியும். 1ஐ 361 என்று எழுதிக்கொடுத்ததும் நடு 355 ஆகி அமாவாசை அமாவாசையாக ஆனது. இப்படி மடிப்பைப் பிரிப்பதற்கென்றே ‘அன்ராப்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இதுவரை சொன்ன தவறுகள் எல்லாம் வீட்டுக்குள் நடந்தவை. இனி வாசலைத் தாண்டலாம்.

கையிலிருக்கும் அட்டவணை 17ஆம் தேதியோடு முடிகிறது. 20ஆம் தேதி எவ்வளவு என்று கேட்டால்? இதற்குப் புறச்செருகல் என்று பெயர்; செருக இரண்டு பக்கம் வேண்டும், இங்கே ஒரு பக்கம்தான் இருக்கிறது என்பதால் அந்தப் பெயரே கொஞ்சம் பொய். மென்பொருள்கள் இந்தக் கேள்விக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கின்றன. ஆக்டேவின் இன்டெர்ப்1, எண்ணே தராமல் ‘இல்லை’ என்று பொருள்படும் ஒரு குறியைப் போட்டுவிட்டு ஒதுங்கும். பைத்தானின் நம்பை தொகுப்பிலுள்ள இன்டெர்ப், கடைசி எண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்லும்; 20ஆம் தேதியும் 201.13, 25ஆம் தேதியும் 201.13. நிலா வானத்தில் ஆணியடித்து நிற்கிறது. சைபை தொகுப்பின் கியூபிக் ஸ்ப்லைன், நாம் எதுவும் சொல்லாவிட்டால், கடைசித் துண்டு வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போகும். மூன்றில் ஆக்டேவின் பழக்கத்தையே நான் மதிக்கிறேன். நம்பையின் மௌனம் மோசமானது, ஏனென்றால் விடை பார்க்க விடை மாதிரியே இருக்கும்.

நீட்டித்தான் தீருவேன் என்பவர்களுக்கு ‘பாலிஃபிட்’ இருக்கிறது. ஐந்து புள்ளிகளின் வழியாகவும் மிகச் சரியாகப் போகும் ஒரு நாலாம் படிப் பல்லுறுப்புக் கோவையைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். ஐந்து புள்ளியிலும் பிழை பூஜ்யம். இதைவிட நல்ல பொருத்தம் வேறென்ன வேண்டும் என்று, அடுத்த அமாவாசையை அதனிடம் கேட்டுப் பார்த்தேன். உண்மையில் அந்த அமாவாசை டிசம்பர் 31 அதிகாலை 3.57க்கு முடிந்தது. ஆகவே அன்று காலை 5.30க்குக் கோணம் 361ஐ ஒட்டி இருக்க வேண்டும். கோவை சொன்னது 423.5. அதாவது வளர்பிறைச் சஷ்டி. வெறும் இரண்டு வாரத்தில் ஐந்து திதி தள்ளிப்போய்விட்டது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. நடுப்புள்ளி 175.00ஐ 175.01 என்று மாற்றிப் பாருங்கள். பாகையில் நூறில் ஒரு பங்கு; வானத்தில் அது முழுநிலா அகலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்த மாற்றத்துக்கு, 31ஆம் தேதி விடை 160 பாகை நகர்கிறது. அமாவாசையைப் பௌர்ணமிப் பக்கம் தள்ளிவிடப் போதுமான தூரம். கணக்கு இதுதான்: ஐந்து புள்ளிகளைத் தாண்டிப் பதினான்கு நாள் வெளியே போனால், நடு எண்ணிலுள்ள பிழை 16,065 மடங்காகப் பெருகுகிறது. உள்ளே இருக்கும்வரை இந்தப் பெருக்கல் எண்கள் ஒன்றைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. வெளியே கால் வைத்ததும் அவை கட்டுக்கடங்காமல் போகின்றன. படி கூடிய கோவைகள் அட்டவணையின் ஓரங்களிலேயே இப்படித் துள்ளும் என்று ரூங்கே 1901இல் காட்டியிருந்தார். ஓரத்திலேயே அப்படியென்றால் வெளியே என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாதாரணப் பாட்டி ஒருவர், ‘பௌர்ணமிக்குப் பதினைந்தாம் நாள் அமாவாசை’ என்று விரல் விட்டுச் சொல்லியிருந்தால்? பௌர்ணமி முடிவோடு சராசரி அரை மாதமான 14.77 நாளைக் கூட்டினால் டிசம்பர் 30 காலை ஒன்பது மணி வருகிறது. பத்தொன்பது மணி நேரம் முந்திவிட்டது, அவ்வளவுதான். ஐந்து திதி தவறிய என் நாலாம் படிக் கோவைக்குப் பாட்டி எவ்வளவோ மேல். இத்தனைக்கும் அந்த ஐந்து புள்ளிகளை அவர் பார்க்கக்கூட இல்லை. நிலா சுற்றி வருகிறது என்பது அவருக்குத் தெரியும். கோவைக்கு அது தெரியாது.

சுற்றி வராதவற்றுக்கு என்ன செய்வது? அதே 2024 டிசம்பரின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள், டிசம்பர் 1 அன்று, அண்ணாமலையார் மலைச்சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். 2ஆம் தேதி அதிகாலை, தென்பெண்ணையின் குறுக்கேயுள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது. திருவண்ணாமலையிலிருந்து விழுப்புரம், கடலூர் வரை ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கின.

சாத்தனூர் 1958இல் கட்டி முடித்த அணை. முழு மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கனஅடி. தினமும் பத்திரிகையில் வரும் ‘அணை நீர்மட்டம்’ பத்திக்குப் பின்னால் ஓர் அட்டவணை இருக்கும்: இத்தனை அடிக்கு இத்தனை கனஅடி. அளவுகோல் காட்டுவது எப்போதும் முழு அடியாக இருக்காது. நடுவிலுள்ளதைச் செருகித்தான் எடுக்க வேண்டும். அதில் வம்பில்லை. 112 அடிக்கும் 113 அடிக்கும் நடுவே ஏரியின் வயிறு திடீரென்று புடைக்காது. வண்டல் படியப் படிய அட்டவணையே பழசாகிப்போகும் என்பது வேறு கவலை.

ஆறு அப்படியில்லை. ஆற்றின் மட்டத்தைக் கம்பத்தில் பார்த்துவிடலாம். அந்த மட்டத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு முன்பே அளந்து வரைந்த ஒரு வளைவு வேண்டும். சாதாரண நாள்களில் நீரோட்டமானியை இறக்கி அளந்து புள்ளி வைப்பார்கள். ஆறு கரைபுரளும் நாளில் யார் படகில் ஏறி அளப்பது? மிகப் பெரிய வெள்ளத்துக்குப் புள்ளியே இருக்காது. எனவே உள்ள புள்ளிகளை மடக்கைத் தாளில் குறித்து, அவை ஏறக்குறைய நேர்க்கோட்டில் விழுவதைப் பார்த்து, ஸ்கேலை வைத்து மேலே நீட்டுவார்கள். உலகமெங்கும் இதுதான் நடைமுறை. கரைக்குள் ஓடும்வரை இந்த நீட்டலுக்கு ஒரு நியாயம் உண்டு. கரையைத் தாண்டிய அடுத்த அரை அடியில் ஆற்றின் அகலம் வயல், தோப்பு, தெரு என்று பல மடங்காகிறது. வளைவு அங்கே ஒடிகிறது. ஒடியப் போகிறது என்பதற்கான அறிகுறி எதுவும் கீழே உள்ள புள்ளிகளில் கிடையாது. தென்பெண்ணையில் 2024 செப்டம்பரில்தான் திறந்த அகரம்பள்ளிப்பட்டு - தொண்டமானூர் உயர்மட்டப் பாலம் டிசம்பர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. நூறாண்டில் ஒருமுறை வரும் வெள்ளம் எவ்வளவு என்று நாற்பது, ஐம்பது ஆண்டுக் கணக்கை வைத்துச் சொல்வதும் இதே வகை நீட்டல்தான். அதற்கு நல்ல புள்ளியியல் இருக்கிறது. ஆனாலும் நீட்டல் நீட்டல்தான்.

நிலாவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பஞ்சாங்கம் கணித்தவர்கள் அட்டவணையை நீட்டும் சிக்கலைத் தீர்த்த விதம் எனக்கு இன்றும் வியப்பு. நிலா பூமிக்கு அருகில் வந்து, விலகி, மறுபடி அருகில் வர 27.5545 நாள். இதை ஒன்பதால் பெருக்கினால் 247.99. கிட்டத்தட்ட முழு 248. அதாவது 248 நாளுக்கு நிலாவின் வேகம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று ஒரு தடவை எழுதிவிட்டால், 249ஆம் நாள் மறுபடி முதல் நாள். அந்த 248 நாளுக்கும் நாளுக்கொரு வாக்கியம். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பாகைக் கணக்கு. வரருசி பெயரில் வழங்கும் இவைதான் சந்திர வாக்கியங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்தின் பெயரே இதிலிருந்து வந்தது. 1300ஐ ஒட்டிக் காஞ்சிப் பக்கம் எழுதப்பட்டதாக ஆய்வாளர்கள் கருதும் ‘வாக்கியகரணம்’ இந்த முறையை விளக்கும் நூல்.

0.01 நாள் மீதி சேர்ந்து சேர்ந்து தவறாகிவிடாதா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். 3,031 நாளில் 110 சுற்று. 12,372 நாளில் 449 சுற்று. இவை இன்னும் துல்லியமான பெருஞ்சுழற்சிகள். எந்தத் தேதி கேட்டாலும் கலியுகத் தொடக்கத்திலிருந்து நாள்களை எண்ணி, பெரிய சுழற்சிகளை முதலில் கழித்து, மீதியில் சிறியதைக் கழித்து, கடைசியில் 248க்குள் ஓர் எண்ணுக்கு வந்துசேர்வார்கள். அந்த எண்ணுக்குரிய வாக்கியத்தைச் சொல்லி, நாளின் நடுவிலுள்ள நேரத்துக்கு நேர்க்கோட்டில் செருகினால் முடிந்தது. கவனியுங்கள், அவர்கள் அட்டவணையைவிட்டு வெளியே போகவே இல்லை. வெளியே இருந்த காலத்தை மடித்து மடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். ஆக்டேவில் ‘மாட்’ என்று மூன்றெழுத்தில் முடிகிற வேலை. ஆனால் எந்த எண்ணால் மடிக்க வேண்டும் என்பதை எந்தக் கட்டளையும் சொல்லித்தராது. தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும்.

குறையும் உண்டு, அது சுவாரசியமான குறை. நிலாவின் நடையில் ஏறக்குறைய 6.3 பாகை அளவுக்கு ஓர் ஆட்டமும், அதன்மேல் சூரியனின் இழுப்பால் வரும் 1.3 பாகை அளவுக்கு இரண்டாவது ஆட்டமும் இருக்கின்றன. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டாவது முதலாவதைக் குறைத்து, மொத்தம் 5 பாகையாகத் தெரியும். அஷ்டமி வாக்கில் அது கூட்டும் பக்கம் சேர்ந்து ஏழரைக்குப் போகும். பழைய கணக்கில் இருப்பது அந்த 5 மட்டும்தான். காரணம் ஊகிக்க எளிது: கிரகணத்தை வைத்துக் கணக்கைச் சரிபார்த்தார்கள், கிரகணம் அமாவாசை, பௌர்ணமி தவிர வேறு நாளில் வராது. புள்ளிகள் இருந்த இடத்தில் வளைவு நன்றாகவே பொருந்தியது. புள்ளி இல்லாத அஷ்டமியில் இரண்டரை பாகை வரை தவறியது. நேரத்தில் அது ஐந்து மணி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, புதிய அட்டவணைகளைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் போடத் தொடங்கிய பின்னால் வந்த வாக்கியம் - திருக்கணிதம் சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. திதி கொடுப்பவர்கள் வீட்டில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். கிரிவலக்காரர்கள் ஒருவகையில் பாக்கியசாலிகள். பழைய வளைவு மிக நன்றாகப் பொருந்துகிற இடம் பௌர்ணமிதான்.

சென்னை வானாய்வகத்தில் முன்பு பொறுப்பிலிருந்த ஜான் வாரன், நம்முடைய காலக்கணக்குகளைத் தொகுத்து 1825இல் ‘கால சங்கலிதா’ என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரைத் தேடிப்பிடித்து, கிரகணம் ஒன்றைக் கணக்கிட்டுக் காட்டச் சொன்னார். அவர் பெயரை வாரன் ‘சாமி நாடன் சாஷியா’ என்று எழுதிவைத்திருக்கிறார். வானியல் சித்தாந்தம் எதுவும் அந்த மனிதருக்குத் தெரியாது என்பதும் வாரனின் குறிப்பு. அவரிடம் இருந்தவை மனப்பாடமான வாக்கியங்களும் ஒரு குவியல் சோழியும். எழுதுகோல் எடுக்கவில்லை, தரையில் சோழிகளை வைத்து, நகர்த்தி, கழித்து, 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டார். 1952இல் ஓட்டோ நாய்கபவர் என்ற வானியல் வரலாற்றாசிரியர் தமிழ் வானியலைப் பற்றி எழுதிய கட்டுரையில், அந்த விடைகளை நவீனக் கணக்கோடு ஒப்பிட்டார். ஐந்து நூற்றாண்டுக்கும் மூத்த அட்டவணை. கிரகணம் பிடித்த நேரத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, விட்ட நேரத்தில் 52.